மறுத்துப் பேசும் துணைவர்

தோல்பாவைக்கூத்தில் கதையின் முடிவு தெரியாதவர் ஒருவரும் இல்லை. பாலக்காட்டிலும் அதை அடுத்த பாரதப்புழைக் கரையோரங்களிலும் உள்ள பத்திரகாளி கோயில்களில், தை மாதத்தை ஒட்டித் தொடங்கிக் கோடை வரை இக்கூத்து நிகழ்கிறது. சேது கட்டப்படும், இந்திரசித்து மாள்வான், இராவணன் வீழ்வான், இராமன் முடிசூடுவான். ஆடுபவர் அறிவார், கேட்பவர் அறிவார், எவள் பொருட்டுக் கூத்து நிகழ்கிறதோ அந்தத் தேவியும் அறிவாள். ஆயினும் கோயிலின் வழக்கத்திற்கு ஏற்ப 7 இரவுகள், 14 இரவுகள், 21 இரவுகள், சில இடங்களில் 41 இரவுகள் என்று கூத்து நீள்கிறது. அம்பு எய்வதற்கு இத்தனை இரவுகள் தேவையில்லை. பேச்சே அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பது அங்கே கேள்வியே அன்று. இவன் ஏன் இதைச் சொன்னான், பக்கத்தில் நின்றவன் ஏன் அதை மறுத்தான் என்பதை விடிய விடிய ஆராய்வதே கூத்து.

இதே கேள்வியை அடுத்த தலைமுறையின் ஒரு கலைவடிவம் முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்து தொட்டிருக்கிறது. அதுதான் பாத்திரமேற்று ஆடும் வீடியோ விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டிலிருந்து கிளைத்த மரபு இது. சிலர் கூடி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றனர்; ஒருவர் கதையை நடத்தினார்; பகடை உருண்டது. அங்கே துணைவர் என்போர் உயிருள்ள மனிதர்கள், மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருந்த நண்பர்கள். விளையாட்டு கணினிக்குள் புகுந்து ஒருவர் தனித்து ஆடுவதாக மாறியபோது அந்த நண்பர்களின் இடம் வெறுமையானது. அதை நிரப்பவே எழுத்தாளர்கள் துணைப்பாத்திரங்களைப் படைத்தனர். ஆகவே இவ்வகை விளையாட்டில் துணைவன் என்பவன் எழுந்து போய்விட்ட நண்பனுக்கு ஈடாக வைக்கப்பட்டவன்.

நண்பனுக்கு ஈடாக வருபவன் நண்பனைப் போலவே முரண்படவும் வேண்டும். 1998இல் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட்' இதை ஓரளவு உணர்ந்திருந்தது. அதில் காலித், ஜஹீரா என்னும் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வருவர். ஒருவரை விலக்கினால் மற்றவரும் விலகிவிடுவர். நல்லியல்புடையோரையும் கொடியோரையும் ஒரே குழுவில் வைத்திருந்தால் அவர்கள் தமக்குள் பூசலிடுவர். ஆடுபவர் அறியாத ஓர் உறவு, ஆடுபவர் கட்டளையிட முடியாத ஒரு பகை, இவ்விரண்டுமே துணைவனை மனிதனாக்கத் தொடங்கின.

பின்னர் இந்த உறவை எண்ணாக மாற்றும் முறை வந்தது. 2009இல் வெளியான 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' விளையாட்டில் ஒவ்வொரு துணைவருக்கும் ஓர் ஒப்புதல் அளவுகோல் உண்டு. அவருக்குப் பிடித்ததைச் சொன்னால் முள் ஏறும், பிடிக்காததைச் செய்தால் இறங்கும். பரிசுப் பொருள் கொடுத்தாலும் ஏறும். இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. ஊரை எரித்துவிட்டு வந்தபின் ஒரு நகையைக் கொடுத்து உள்ளங்களை மீட்டெடுக்கலாம் என்றால், துணைவனின் ஒப்புதல் ஒரு கடைச்சரக்கு ஆகிவிடுகிறது. ஆடுபவர் தம் மனத்தில் பட்டதைச் சொல்வதை விட்டு, எதிரில் நிற்பவருக்கு எது இனிக்கும் என்று பார்த்துச் சொல்லப் பழகுகிறார். எல்லாத் தேர்வும் அவர் கையில் இருக்கிறது. ஆனால் எந்தத் தேர்வுக்கும் அவர் எவருக்கும் விடை கூற வேண்டியதில்லை. துணைவர்கள் அவரைச் சுற்றி நிற்கும் நிலைக்கண்ணாடிகளாகின்றனர்.

ஆனால் அதே விளையாட்டிலேயே அளவுகோலுக்கு அடங்காத ஓர் இடமும் இருக்கிறது. லோகெய்ன் என்னும் தளபதி போர்க்களத்தில் தன் அரசனைக் கைவிட்டுச் சென்றவன். அந்தக் களத்தில் தன் ஆசானை இழந்தவன் அலிஸ்டர், தொடக்கம் முதலே உடன்வரும் தோழன். இறுதியில் லோகெய்ன் தோற்று நிற்கிறான். அவனைக் கொல்லலாம், அல்லது வரவிருக்கும் பெரும்போருக்காகத் தம் அணியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்துக்கொண்டால் அலிஸ்டர் ஏற்கமாட்டான். அவன் எவ்வளவு நெருங்கிய நண்பனாக இருந்தாலும், எத்தனை பரிசுகள் பெற்றிருந்தாலும், அணியை விட்டு வெளியேறிவிடுவான். ஆடுபவரின் தேர்வு அங்கே முதல்முறையாக மற்றொருவரின் தேர்வோடு மோதுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் காட்சி பேசப்படுவதற்குக் காரணம் அதுவே.

பகைவர் பக்கத்திலிருந்து வந்தவனை அணியில் சேர்ப்பதா, சேர்த்தால் பழைய தோழர் என்ன சொல்வர்? இக்கேள்வி தமிழ் வாசகருக்குப் புதிதன்று. கம்பராமாயணத்து யுத்தகாண்டத்தில் வீடணன் அடைக்கலப் படலம் முழுவதும் இதைப் பற்றியதே. இராவணன் அவையிலிருந்து விலகிய வீடணன் கடற்கரையில் வந்து நிற்கிறான். இராமன் உடனே முடிவெடுக்கவில்லை. உடன் இருப்போரைக் கேட்கிறான். சுக்கிரீவன் மறுக்கிறான்: உடன்பிறந்தவனையே இடர்ப்பொழுதில் விட்டு வந்தவனை எப்படி நம்புவது? சாம்பவான் மறுக்கிறான். நீலனும் மறுக்கிறான். எல்லோரும் ஒருபுறம் நின்றபின் இராமன் அனுமனைப் பார்க்கிறான். அனுமன் ஒருவன் மட்டும் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறான். அவன் சொல்லும் காரணங்கள் அவன் கண்ணாரக் கண்டவை. இலங்கையில் தூதனாகச் சென்ற தன்னைக் கொல்ல ஆணை பிறந்தபோது, தூதரைக் கொல்வது அறமன்று என்று தடுத்தவன் வீடணன். அவன் மனையில் கள்ளும் ஊனும் இல்லை. அவன் மகள் திரிசடையே சீதைக்கு ஆறுதல் சொன்னவள்.

இக்காட்சியில் மறுத்த மூவரும் அறிவிலிகள் அல்லர் என்பதே கவனிக்கத் தக்கது. சுக்கிரீவனின் ஐயம் அவன் வாழ்விலிருந்தே எழுகிறது. தன் அண்ணன் வாலியை வெல்ல வெளியார் துணையை நாடியவன் அவன். அண்ணனை விட்டு வருபவனின் மனம் எத்தகையது என்பதை அவனைவிட அறிந்தவர் யார்? அவனுடைய மறுப்பில் அவனுடைய வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. இராமன் இறுதியில் அடைக்கலம் தருகிறான். குகனோடும் சுக்கிரீவனோடும் சேர்த்து வீடணனையும் உடன்பிறந்தவனாக எண்ணுகிறான். அதற்குமுன் மறுத்தவர் ஒவ்வொருவரும் முழுதாகப் பேசி முடித்தனர். தலைவனின் தேர்வு பெருமை பெறுவது, அவனைச் சுற்றி நின்றோர் உண்மையாகவே மறுத்ததனால்தான்.

இதைக் காட்சியாக்கும் கலையின் அமைப்பு வியப்புக்குரியது. கோயிலுக்கு எதிரே தனியாகக் கட்டப்பட்ட கூத்துமாடத்தில் ஏறத்தாழ 42 அடி நீளத் திரை, அதன் பின்னே வரிசையாகத் தேங்காய் மூடிகளில் எரியும் 21 விளக்குகள். மான்தோலில் செதுக்கப்பட்ட பழைய பாவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கை மட்டுமே அசையும். முகம் மாறாது, புருவம் நெறியாது, கண்ணீர் வழியாது. ஆகவே பாத்திரத்தின் உயிர் முழுவதும் பேச்சிலேயே இருந்தாக வேண்டும். முதலில் கம்பனின் பாட்டு, தமிழில், மலையாள நாவின் ஒலிச்சாயலோடு. பின்னர் தமிழும் மலையாளமும் கலந்த உரை. பாட்டை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. உரையிலோ புலவருக்கு எல்லையற்ற உரிமை உண்டு. ஒருவர் ஒரு பாத்திரமாகக் கேட்பார்; மற்றவர் வேறொரு பாத்திரமாக விடை சொல்வார். இலக்கணம், தருக்கம், சோதிடம், புராணம் என எங்கெங்கோ சென்று வாதம் திரும்பி வரும். கேட்பவர் எந்தப் பக்கம் திருப்புவார் என்பதை விடை சொல்பவர் முன்கூட்டி அறிந்திருக்க இயலாது. அதனால்தான் இவர்களுக்குப் புலவர் என்னும் பட்டம். பாவை ஆட்டும் கைத்திறன் மட்டும் அப்பட்டத்திற்குப் போதாது.

உரையின் உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சம்புகுமாரன் கதை சான்று. கம்பனில் இல்லாத இக்கதை கூத்து மரபில் உண்டு. சம்புகுமாரன் சூர்ப்பணகையின் மகன். காட்டில் தவத்தில் இருந்த அவன், இலக்குவனின் வாள்வீச்சில், அறியாமல் கொல்லப்படுகிறான். அதன்பின் இராமனும் இலக்குவனும் தங்கியிருக்கும் இடத்திற்கு வரும் சூர்ப்பணகை வெறும் காமம் கொண்டவள் மட்டும் அல்லள். மகனை இழந்த தாயும் ஆவாள். முடிவில் ஒரு துளியும் மாறவில்லை. மூக்கு அறுபடும், போர் மூளும். ஆனால் எதிரில் நிற்பவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நிகழ்ச்சியைத் தொடாமல் காரணத்தை ஆழப்படுத்தும் இந்த வழி, கதைக்கிளைகளைப் பெருக்குவதே பாத்திரங்களுக்கு உயிர் தரும் என்று நம்பும் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் கண்டு கற்கத்தக்கது.

கும்பகருணன் இதன் உச்சம். தம்பி வீடணன் அவனிடம் வந்து, அறத்தின் பக்கம் வந்துவிடு என்று மன்றாடுகிறான். இராவணன் செய்தது தவறு என்பதைக் கும்பகருணன் முன்பே அவையில் சொன்னவன். வெற்றி யாருக்கு என்பதும் அவனுக்குத் தெரியும். ஆயினும் தன்னை நெடுங்காலம் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று மறுக்கிறான். தம்பியையோ, நீ இராமனிடமே இரு, இறந்த எங்களுக்குக் கடன் செய்ய நீ ஒருவனாவது எஞ்ச வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறான். வீடணன் தேர்வும் சரி, கும்பகருணன் தேர்வும் சரி. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்து முள் எவ்வளவு ஏறிற்று என்று பார்க்க இயலாது. ஒரு விளையாட்டில் கும்பகருணனை அமைப்பதாயின், எவ்வளவு திறமையாகப் பேசினாலும் அவனை அழைத்துவர முடியாதபடி அமைக்க வேண்டும். ஆடுபவருக்குத் தோல்வி போலத் தோன்றும் அந்த இடமே அவனுடைய பெருமை.

கூத்தைக் கேட்பவருக்கு எந்தத் தேர்வும் இல்லையே, விளையாட்டில் கை வைத்து முடிவெடுக்கும் பொறுப்பு எங்கே, கூத்தில் செவிகொடுக்கும் பணிவு எங்கே என்று கேட்கலாம். இக்கேள்வி நியாயமானது. அலிஸ்டரை இழந்தவர் தாமே அவனை இழந்தார். அந்தக் குற்றவுணர்வைக் கூத்து தர இயலாது. அது புதிய கலையின் தனி வலிமை. ஆனால் தேர்வு என்பது முடிவை மாற்றும் ஆற்றல் மட்டுமே என்று கொண்டால் என்ன நேரும் என்பதை 'மாஸ் எஃபெக்ட்' தொடரின் வரலாறு காட்டுகிறது. 2007 முதல் மூன்று விளையாட்டுகளாக வந்த அத்தொடரில் முன்னது முடிவுகள் பின்னதற்குத் தொடரும். 2012இல் மூன்றாவது பாகம் வெளியானபோது, இத்தனை தேர்வுகளும் கடைசியில் பொருளற்றுப் போயின என்று ஆடியவர்கள் கொதித்தனர். நிறுவனம் அவ்வாண்டே முடிவுக்காட்சியை விரித்து வெளியிட நேர்ந்தது. 2013இல் 'சிட்டடல்' என்னும் துணைக்கதை வந்தது. துணைவர் எல்லோரும் கூடிக் கேலி பேசி, விருந்துண்டு, பிரியும் இரவே அதில் பெரும்பகுதி. பேரண்டத்தின் முடிவில் எதையும் அது மாற்றவில்லை. ஆனால் ஆடியவர்கள் அதை அன்போடு ஏற்றனர். முடிவு கைவிட்ட இடத்தில் துணைவர் கைகொடுத்தனர்.

துணைவரே இல்லாத தேர்வு எப்படியிருக்கும் என்பதற்கும் இந்த எல்லைப்புறத்திலேயே ஓர் அடையாளம் உண்டு. பாலக்காட்டிலிருந்து தெற்கே, இடுக்கி மாவட்டத்துக் குமுளிக்கு அருகில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள், தமிழக எல்லையை ஒட்டிய மலைமேல் மங்கலதேவி கோயில் நிற்கிறது. கண்ணகி கோட்டம் என்று மக்கள் போற்றும் அதன் வாசல், சித்திரை முழுநிலவன்று மட்டும் இருமாநிலத்து அடியாருக்கும் திறக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரைக்கு நடந்தபோது அவளுக்குத் துணை இருந்தது: வழியெல்லாம் உடன்வந்த கவுந்தியடிகள், ஆயர்பாடியில் அடைக்கலம் தந்த மாதரி. கோவலன் கொலைப்பட்டபின் அவள் எடுத்த முடிவில் அவ்விருவரும் பக்கத்தில் இல்லை. மறுத்துப் பேச ஒருவரும் இல்லாத தேர்வு அது. ஒரு நகரே எரிந்தது. கதை அத்தோடு துணைவரை மறந்துவிடவில்லை. செய்தி கேட்ட கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் புகுந்தாள். தலைவியின் கதைக்கு அப்பால் அவர்களுக்கு ஒரு வாழ்வும், தமக்கென ஒரு கடமையும், அக்கடமை முறிந்தால் ஒரு துயரமும் இருந்தன. தலைவி மேடையை விட்டு அகன்றபின்னும் எவருடைய கதை தொடர்கிறதோ அவரே முழுமையான துணைப்பாத்திரம்.

இந்தியாவிலும் இப்போது பழங்கதை சார்ந்த விளையாட்டுகள் பிறக்கின்றன. புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட 'ராஜி' அவற்றுள் ஒன்று. தம்பியைத் தேடிச் செல்லும் சிறுமியின் பயணத்தைத் துர்க்கையும் திருமாலும் உரையாடியபடி எடுத்துரைக்கின்றனர். இடையிடையே நிழற்பாவை வடிவில் காட்சிகள் விரிகின்றன. அழகான முயற்சி. தெய்வங்கள் இருவர் மேலிருந்து ஒரு மானிடப் பெண்ணைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வது கூத்து மரபுக்கு மிக அருகில் வரும் கற்பனை. ஆனால் பாவையின் நிழல் எளிதில் திரையேறிவிடும். அந்த நிழலுக்குப் பின்னாலிருந்த வாதம் அவ்வளவு எளிதில் ஏறுவதில்லை. இனி வருவோர் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வாதத்தையே.

எடுத்துக்கொள்ள அது மிஞ்சியிருக்குமா என்பதே கவலை. கூத்துமாடத்தின் முன் ஆட்கள் அருகிவிட்டது இன்று நேற்றல்ல. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட ஆய்வுநூல், முன்றிலில் கேட்பவரே இல்லாத இரவுகளிலும் திரைக்குப் பின்னே புலவர்கள் தமக்குள் பேசிச் செல்வதையே மையப் பொருளாகக் கொண்டது. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராமாயணப் போரைக் காணாது போன தேவிக்காக ஆடப்படும் கூத்து ஆதலின், மனிதர் இல்லாமையால் அது நின்றுவிடவில்லை. ஷொரணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் கோயிலுக்கு வெளியேயும் கூத்தைக் கொண்டு சென்றார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர்களின் உழைப்பால் கலை உலகறிந்தது. மேடைக்கும் விழாவுக்கும் உரிய வடிவம் ஒரு மணி நேரத்தில் அடங்கியாக வேண்டும். அது காலத்தின் கட்டாயம், குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் 21 இரவுகளை ஒரு மணிநேரமாகச் சுருக்கும்போது எது நிற்கும், எது உதிரும்? மாயமான் ஓடும். அனுமன் கடல் தாண்டுவான். இராவணன் பத்துத் தலையும் சாயும். சாம்பவானின் மறுப்பு உதிர்ந்துபோகும். நீலன் வாய் திறக்கமாட்டான். நிகழ்ச்சிகள் எஞ்சும்; துணைவர்கள் மறைவர்.

அச்சில் வந்துவிட்ட கம்பன் பாட்டுக்கு அழிவில்லை. பாவைகளை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். ஒரு புலவர் கேட்க, மற்றொருவர் அந்த நொடியில் எண்ணிச் சொல்லும் விடையை மட்டும் எங்கும் பூட்டிவைக்க இயலாது. கற்றவர் இருவர் எதிரெதிரே அமரும்வரைதான் அது இருக்கும். கூத்தைப் பதிவு செய்வோர் காட்சிகளைத் தேர்ந்தெடுத்துப் பிடிப்பதை விட்டு, முழு இரவின் உரையையும் பதிவு செய்ய வேண்டும். விளையாட்டு எழுதப் புகும் இளைஞர்கள் பாவையின் உருவத்தைப் படமெடுக்கும் முன் அந்த உரையைக் கேட்க வேண்டும். தலைவனுக்கு எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்று கணக்கிடுவது எளிது. அவன் தேர்ந்த வழியைப் பார்த்து, இது தவறு, இதற்கு இன்ன காரணம் என்று சொல்லும் ஒருவனைப் படைப்பதே அரிது. அத்தகையவர்களை எப்படிப் பேசவைப்பது என்பதைப் பாரதப்புழைக் கரையில் எண்ணெய் விளக்கின் பின்னே சிலர் இன்னும் அறிந்திருக்கிறார்கள்.